ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வரலாமா? எங்கள் திருச்சி போர்டு கேம் குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி தில்லை நகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் வாராவாரம் கூடி போர்டு கேம் ஆடுகிறோம். புதிதாக வர நினைப்பவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் என்ன செய்யப்போகிறோம் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

போர்டு கேம் என்றால் லூடோ, பாம்பு ஏணி மாதிரியா?

அவையும் போர்டு கேம்தான். ஆனால் நாங்கள் பெரும்பாலும் ஆடுவது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்த ஆட்டங்களை. ஜெர்மனியில் 1979 முதல் ஒவ்வோர் ஆண்டும் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து விருது கொடுக்கிறார்கள். 1995-இல் அந்த விருது வாங்கிய 'கேட்டான்' உலகம் முழுக்கப் பரவி, இந்தப் பொழுதுபோக்குக்கே ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அதை உருவாக்கிய கிளாஸ் டாய்பர், செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ராத்திரிகளில் ஆட்டம் செய்து பார்த்தவர்.

கேட்டானில் ஒரு தீவு. அதில் மரம், செங்கல், கோதுமை, ஆடு, தாது என்று ஐந்து பொருள்கள். பகடையில் விழும் எண்ணுக்கு ஏற்பப் பொருள் கிடைக்கும். அதை வைத்துச் சாலை போடலாம், வீடு கட்டலாம். உங்களிடம் ஆடு நிறைய இருக்கிறது, எனக்குச் செங்கல் நிறைய இருக்கிறது என்றால் பேரம் பேசி மாற்றிக்கொள்ளலாம். முதலில் 10 புள்ளி எடுப்பவர் ஜெயிப்பார். கடைசி வரை யாரும் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. லூடோவில் ஆறு விழவில்லையே என்று உட்கார்ந்திருப்போமே, அந்தக் காத்திருப்பு இங்கே இல்லை. அடுத்தவர் முறையிலும் உங்களுக்குப் பேச ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

இவற்றோடு தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் மூன்றும் எங்கள் அலமாரியில் அதே தட்டில் இருக்கின்றன. 'பழைய காலத்து விளையாட்டு' என்று தனியாக எடுத்து வைக்கவில்லை. ஆடுபுலி ஆட்டத்தை நேரம் எடுத்து ஆடிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

எப்போது கூடுகிறீர்கள்?

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை 3.30 முதல் 8 மணி வரை. இரண்டாம் சனிக்கிழமை மதியம் 2 முதல் இரவு 9.30 வரை நீளமான ஆட்டங்கள். அன்று வங்கி ஊழியர்களுக்கும் விடுமுறை என்பதால் அந்த நாளை வைத்தோம். முன்பதிவு ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவையில்லை. சனிக்கிழமைக்கு மட்டும் வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேர ஆட்டத்தில் பாதியில் ஆள் சேர்க்க முடியாது.

தீபாவளி, பொங்கல் அன்று மட்டும் விடுமுறை. மழைக்கு விடுமுறை இல்லை. மழை நாளில்தான் கூட்டம் அதிகம்.

எனக்கு ஒரு ஆட்டமும் தெரியாது. வந்தால் சும்மா வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்குமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

குழு தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி மாணவர் ஒருவர் தனியாக வந்தார். நாங்கள் அன்று ஒரு பெரிய ஆட்டத்தைத் திட்டமிட்டிருந்தோம். அவரையும் சேர்த்து உட்கார வைத்து, இருபது நிமிடம் கடகடவென்று விதிகளைச் சொன்னோம். அவர் தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். மூன்றரை மணி நேரம் அவர் பக்கத்தில் இருந்தவர் சொன்ன இடத்தில் எல்லாம் காயை வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் 'நன்றாக இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் வரவே இல்லை. தெருவில் விளையாடும்போது சின்னப் பிள்ளைகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம் இல்லையா? வளர்ந்த ஒரு மனிதரை நாங்கள் அப்படி உட்கார வைத்துவிட்டோம். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் 'சொல்லித்தருபவர்'. அவருக்கு அன்று ஜெயிப்பது வேலை இல்லை. மேசையில் இருக்கிற எல்லோருக்கும் ஆட்டம் புரிவதுதான் வேலை. விதிகளைப் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. முதலில் 'எப்படி ஜெயிப்பது' என்று சொல்ல வேண்டும், அப்புறம் 'உங்கள் முறையில் என்ன செய்யலாம்' என்று சொல்ல வேண்டும், மீதியை ஆட ஆடச் சொன்னால் போதும். இரண்டு சுற்று எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்து ஆடிவிட்டு, கலைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவோம். பக்கத்தில் இருப்பவர் உங்களுக்காக யோசித்து 'இதை வை, அதை எடு' என்று சொல்லக் கூடாது. நீங்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம். தப்பாக வைத்தாலும் அது உங்கள் ஆட்டம்.

ஆகவே, ஒன்றும் தெரியாது என்றால் தாராளமாக வாருங்கள். வாசலில் நுழையும்போதே 'புதுசு' என்று சொல்லிவிட்டால் போதும்.

முதல் நாள் என்ன ஆட்டம் கொடுப்பீர்கள்?

வருபவரைப் பார்த்துத்தான்.

பெரும்பாலும் 'டிக்கெட் டு ரைடு'. வட அமெரிக்க வரைபடத்தில் ஊருக்கு ஊர் ரயில் பாதை போடும் ஆட்டம். ஆலன் மூன் உருவாக்கியது, 2004-இல் அந்த ஜெர்மன் விருதை வாங்கியது. ஆளுக்கு 45 குட்டி ரயில் பெட்டிகள். ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பாதை உங்களுடையது. ஒரு பெட்டி நீளப் பாதைக்கு 1 புள்ளி, ஆறு பெட்டிப் பாதைக்கு 15 புள்ளி. இவ்வளவுதான் அடிப்படை. நான் போக வேண்டிய பாதையில் நீங்கள் முந்திக்கொண்டு பெட்டியை வைக்கும்போது வயிற்றில் ஒரு பக் வரும் பாருங்கள், அதை அனுபவித்தவர்கள் இரண்டாவது வாரமும் வருவார்கள். பொன்மலை ரயில்வே குடும்பங்களில் இருந்து வருபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இந்திய வரைபடம் போட்ட துணைப் பலகையும் இந்த ஆட்டத்துக்கு உண்டு.

கணக்குப் பிடிக்காது, அழகாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு 'அசூல்'. போர்ச்சுகல் நாட்டுச் சுவர் ஓடுகளை வைத்து மிக்கேல் கீஸ்லிங் செய்த ஆட்டம். ஐந்து நிறத்தில் 100 ஓடுகள், ஒரு துணிப்பை. பைக்குள் கையை விட்டு அளையும்போது வரும் சத்தத்துக்காகவே அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எங்களிடம் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

'கார்கசோன்' ஆட்டத்தில் 72 சதுர அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்திக்கொண்டே போனால் கோட்டையும் சாலையும் வயலும் மேசையில் வளரும். அவற்றின் மேல் மரத்தில் செய்த குட்டி மனிதர்களை நிறுத்த வேண்டும். வெளியில் மீப்பிள் என்பார்கள். எங்கள் குழுவில் யாரோ ஒருநாள் 'மரப்பாச்சி' என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

எதிர்த்து ஆடுவது பிடிக்காதவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. 'பேண்டமிக்' அப்படி ஒன்று. நான்கு நோய்கள் உலகம் முழுக்கப் பரவுகின்றன, நாம் எல்லோரும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். பலகையில் உள்ள 48 ஊர்களில் சென்னையும் உண்டு. சென்னையில் நோய் முற்றினால் மேசையில் இருப்பவர்கள் வேறு எல்லாவற்றையும் போட்டுவிட்டு அங்கே ஓடுகிறார்கள். ஆட்டக் கணக்குப்படி அது பல நேரம் தப்பான முடிவு. இருந்தும் ஓடுகிறார்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. சிரமமா?

இல்லை. எல்லா ஆட்டத்தையும் தமிழில்தான் சொல்லித்தருகிறோம். மேலே சொன்ன ஆட்டங்களில் படிக்க வேண்டியது மிகக் குறைவு. அடிக்கடி ஆடும் பன்னிரண்டு ஆட்டங்களுக்கு விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, லேமினேட் செய்து பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

'கோட்நேம்ஸ்' மட்டும் முழுக்கச் சொற்களால் ஆன ஆட்டம். 25 சொற்கள் மேசையில் இருக்கும். தன் அணியின் சொற்கள் எவை என்று தலைவருக்கு மட்டும் தெரியும். அவர் ஒரு சொல்லும், அது எத்தனை சொற்களைக் குறிக்கிறது என்ற எண்ணும் மட்டும் குறிப்பாகத் தரலாம். அணியினர் அந்தச் சொற்களைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். ஆங்கிலச் சொற்களை வைத்து ஆடியபோது பாதிப் பேர் ஒதுங்கி நின்றார்கள். அதனால் நாங்களே உட்கார்ந்து 240 தமிழ்ச் சொற்களை எழுதி அட்டையாக வெட்டினோம். ஆறு, படி, மாலை, திங்கள், கல், மதி என்று இரண்டு மூன்று பொருள் தரும் சொற்களாகத் தேடிப் போட்டோம்.

போன மாதம் நடந்தது. ஒரு அம்மா தலைவராக இருந்தார். 'பதினெட்டு, 3' என்றார். அவர் மனதில் இருந்தது ஆடிப் பதினெட்டு: ஆறு, படி, மஞ்சள். அம்மா மண்டபம் படித்துறையில் காவிரிக்கு மஞ்சளும் பூவும் விடுவதைச் சொல்கிறார். அவர் அணியில் இருந்த பையன் போன வருடம்தான் சபரிமலைக்குப் போய்வந்தவன். பதினெட்டு என்றதும் 'படி' என்று சரியாகத் தொட்டுவிட்டு, அடுத்து 'மாலை'யைத் தொட்டான். அது எதிரணியின் சொல், முறை போய்விட்டது. இன்னொருவர், 'மூவாறு பதினெட்டு, ஆறு தானே?' என்று தவறான காரணத்துக்காகச் சரியான சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் யாரும் அடுத்த முறையைத் தொடங்கவில்லை, அவ்வளவு பேச்சு. வாங்கிய பெட்டியில் இருந்த ஆங்கிலச் சொற்களில் இப்படி ஒன்று எங்களுக்கு ஒருநாளும் நடந்ததில்லை.

பணம் வைத்து ஆடுவீர்களா? வீட்டில் 'சீட்டாட்டமா' என்று கேட்கிறார்கள்.

பணம் வைத்து ஆடுவதில்லை. ஒரு ரூபாய்க்குக்கூட இல்லை, 'டீ பந்தயம்' கூட இல்லை. பரிசுத்தொகை உள்ள போட்டியும் நடத்துவதில்லை. பணத்தால் அழிந்த குடும்பங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம், வீட்டில் பயப்படுவது நியாயமே. சந்தேகம் இருந்தால் அப்பாவையோ அம்மாவையோ ஒருநாள் கூடவே அழைத்து வாருங்கள். அப்படித் துணைக்கு வந்த ஒருவர் இப்போது எங்கள் பல்லாங்குழி மேசையில் சொல்லித்தருபவராக இருக்கிறார்.

கட்டணம்?

ஒரு நாளைக்கு 50 ரூபாய். மாடி வாடகை, டீ, ஆட்டங்களின் பராமரிப்பு எல்லாம் அதில் அடக்கம். மாணவர்களுக்கும் முதல் முறை வருபவர்களுக்கும் கட்டணம் இல்லை. கையில் இல்லாவிட்டால் கொடுக்க வேண்டாம். டப்பா வாசலில் இருக்கும், யார் போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை.

பெண்கள் தனியாக வரலாமா?

வரலாம், வருகிறார்கள். ஞாயிறு 8 மணிக்கு முடிப்பதே அதற்காகத்தான். முடிந்ததும் சத்திரம், மத்தியப் பேருந்து நிலையம், ஸ்ரீரங்கம் பக்கம் போகிறவர்கள் சேர்ந்து ஆட்டோ பிடிப்பார்கள். குழுவை நடத்தும் ஐந்து பேரில் மூவர் பெண்கள். யாராவது நடந்துகொள்ளும் விதம் சங்கடமாக இருந்தால் அவர்களில் ஒருவரிடம் சொல்லுங்கள். விளக்கம் கேட்டு உங்களை நிற்க வைக்க மாட்டோம். இதுவரை இரண்டு பேரை இனி வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா? பெரியவர்கள்?

எட்டு வயதுக்கு மேல் என்றால் பெற்றோருடன் வரலாம். பதினான்கு வயதுக்கு மேல் தனியாக விடலாம். எட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அழகாக ஆடுகிறார்கள்தான், ஆனால் நான்கு மணி நேரம் உட்கார மாட்டார்கள், குட்டிக் காய்களை வாயில் போட்டுக்கொள்வார்கள்.

பெரியவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலியும் நல்ல வெளிச்சமுள்ள மேசையும் ஒதுக்கியிருக்கிறோம். மாடி ஏற இருபத்திரண்டு படி, லிஃப்ட் இல்லை. இது எங்களுக்குக் குறைதான். ஏற முடியாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ்த்தளத்தில் ஒரு மேசை போடுவோம். நிறம் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். டிக்கெட் டு ரைடு சீட்டுகளில் நிறத்தோடு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளமும் உண்டு. அசூல் ஓடுகள் பலவற்றிலும் கோலம் உண்டு. இரண்டையும் சிரமமில்லாமல் ஆடலாம்.

சாப்பிட்டுக்கொண்டே ஆடலாமா?

கூடாது. இதில் மட்டும் கண்டிப்பு. ஐந்தரை மணிக்கு ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு எல்லோரும் வராந்தாவுக்கு வருவோம். டீ, பஜ்ஜி அங்கே. சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் திரும்ப உட்கார வேண்டும்.

ஏன் இவ்வளவு என்றால், ஒரு சீட்டில் எண்ணெய் பட்டால் அந்தச் சீட்டுக்கட்டே கெட்டுப்போனதற்குச் சமம். பின்பக்கம் பார்த்தே 'அது இந்தச் சீட்டு' என்று தெரிந்துவிட்டால் ஆட்டம் எங்கே? எங்கள் கேட்டான் பெட்டியில் செங்கல் சீட்டு ஒன்றின் மூலையில் மஞ்சள் கறை இருக்கிறது. இரண்டு வருடம் ஆகியும் யார் கையில் செங்கல் இருக்கிறது என்று பழையவர்களுக்குத் தெரிகிறது. இப்போது எல்லாச் சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டோம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டைகள் உப்பி வளையும். அதற்காகப் புதுச் செருப்பு, பை வாங்கும்போது வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டு வைக்கிறோம். உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப்போடாமல் கொண்டுவாருங்கள்.

நான் ஆட்டம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். நல்ல ஆட்டங்கள் விலை அதிகம். எங்களிடம் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. ஐந்து முறை வந்தவர்கள் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் காய்களை எண்ணுவோம். வாங்கியே தீர வேண்டும் என்றால், இங்கே மூன்று முறை ஆடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

செஸ், கேரம் உண்டா?

இல்லை. அவற்றுக்கு ஊரில் நல்ல பயிற்சி இடங்கள் இருக்கின்றன. மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்ததற்கு அப்புறமும், 2024-இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதற்கு அப்புறமும் செஸ் கற்க ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அவர்களை அங்கே அனுப்பிவிடுகிறோம். காத்திருப்பவர்களுக்காக ஒரே ஒரு செஸ் பலகை ஜன்னலோரம் இருக்கிறது.

மார்கழி, தையில் என்ன திட்டம்?

நான்கு விஷயங்கள்.

முதலாவது, வைகுண்ட ஏகாதசி இரவு. அன்று கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது நம் வீடுகளில் இருந்த வழக்கம். ஏணி ஏறினால் புண்ணியம், பாம்பு கடித்தால் பாவம். பல படங்களில் பாம்புகளுக்கு அசுரர்களின் பெயர் எழுதியிருக்கும். ஸ்ரீரங்கத்தில் விடியற்காலையில் பரமபத வாசல் திறப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் எங்களோடு உட்காரலாம். பெரிய பரமபதப் படம் ஒன்றைத் துணியில் வரைந்துகொண்டிருக்கிறோம், எட்டடிக்கு எட்டடி. இரவு 9 மணிக்குத் தொடங்கும். விரதம் இருப்பவர்கள் இருப்பார்கள் என்பதால் அன்று பஜ்ஜி கிடையாது. நம்பிக்கை இருப்பவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் வரலாம்.

இரண்டாவது, அரையாண்டு விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று காலைகள். அதில் பகடைக் கணக்கு சொல்லித்தருவோம். இரண்டு பகடை உருட்டினால் 36 வகையில் விழலாம், அதில் 7 வருவது 6 வகை. கேட்டானில் 7 விழுந்தால் திருடன் ஏன் அடிக்கடி வருகிறான் என்பது இதிலேயே இருக்கிறது. அப்படியே தாயக்கட்டைக்கு வருவோம். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3. இரண்டு கட்டை என்றால் 16 வகை. தாயம் விழுவது அதில் 2 வகை மட்டுமே. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டோ ஒரே வகை. போன முறை ஒரு ஆறாம் வகுப்புப் பெண் இதைக் கட்டம் போட்டு எழுதிப் பார்த்துவிட்டு, 'அதனால்தான் பாட்டிக்குத் தாயமே விழ மாட்டேங்குதா?' என்றாள்.

மூன்றாவது, தை மாதம் முழுக்க ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி தாண்டி வெட்டும். புலியை நகரவிடாமல் அடைத்தால் ஆடு ஜெயிக்கும். புலிக்காரருக்குக் கொஞ்சம் அவசரப்பட்டாலும் பிழைப்பு ஓடும். ஆட்டுக்காரர் ஒரு இடம் தவறினால் வரிசையாக மூன்று போகும். அதனால் ஒவ்வொரு ஜோடியும் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். யார் குறைவான ஆடுகளை இழந்தார் என்று பார்ப்போம். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இந்தக் கட்டத்தைச் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி உங்கள் ஊரில் இருந்தால் ஒரு படம் எடுத்து வாருங்கள். தரையில் சுண்ணாம்போ சாக்பீஸோ போட்டுவிடாதீர்கள்.

நான்காவது, தை கடைசி ஞாயிறு: சொந்தமாக ஆட்டம் செய்பவர்களுக்கான நாள். வெற்று அட்டை, பேனா, கத்தரி, பட்டன்கள் எல்லாம் நாங்கள் தருகிறோம். பாதியில் நிற்கிற யோசனையோடு வந்தாலும் சரி, நான்கு பேர் உட்கார்ந்து ஆடிப் பார்த்து எங்கே தொங்குகிறது என்று சொல்வார்கள்.

வீட்டில் பழைய பல்லாங்குழி, தாயக்கட்டை இருக்கிறது. கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். அதைவிட, உங்கள் வீட்டில் எப்படி ஆடுவீர்கள் என்பதைச் சொல்ல வாருங்கள்.

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாக 14 குழி என்பது பொது. குழிக்கு எத்தனை முத்து என்பதில் தொடங்கி வீட்டுக்கு வீடு மாறும். சிலர் ஐந்து, சிலர் ஆறு. நடுக்குழியில் ஒன்றும் மற்றதில் பன்னிரண்டும் போட்டு 146 முத்தில் ஆடுபவர்களும் உண்டு. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பதிலும் எப்போது எடுப்பது என்று வழக்கு வரும். தாயத்தில் கேட்கவே வேண்டாம். வெட்டு வாங்காமல் உள்ளே போகலாமா, ஒரே கட்டத்தில் இரண்டு காய் நிற்கலாமா, பழம் எடுக்கக் கடைசியில் தாயம் விழ வேண்டுமா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டம்.

இதற்கென்று நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். யார் வந்து ஆடினாலும் அவர்கள் வீட்டு விதியை, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே, ஊர்ப் பெயரோடு எழுதிக்கொள்கிறோம். இதுவரை தாயத்துக்கு 31 பக்கம் ஆகியிருக்கிறது. லால்குடியிலிருந்து வந்த ஒரு பாட்டி போன ஞாயிறு சொன்ன விதி கடைசிப் பக்கத்தில் பாதியில் நிற்கிறது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். வரும் ஞாயிறு மீதியைச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.